பனி, அணங்கு, தம் இறை: குளிர்நிலத் திகில் திரைப்படங்களும் போனக்காட்டுப் பங்களாக் கதையும்

முன்னுரை

திகில் திரைப்படம் தமிழ்த் துறைகளில் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. அது வெறும் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்துள்ளார். அச்சம் விளைவிப்பதையே நோக்கமாகக் கொண்ட ஒரு கலைவடிவத்தை மெய்ப்பாட்டியல் கற்றோர் ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை. அவ்வகைப் படங்களுள் பனியும் குளிரும் சூழ்ந்த இடங்களில் நிகழ்வன தனித்ததொரு தொகுதியாக அமைகின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்க சிலவற்றைத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு நோக்குவதும், அந்நோக்கினைத் திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டில் வழங்கும் பங்களாப் பேய்க்கதையின்மேல் பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனி என்னும் சொல்

தமிழில் பனி என்பது புல்நுனியில் நிற்கும் துளியையும், மலைச்சரிவில் படரும் மூடுபனியையும், இமயத்தில் உறைந்து கிடக்கும் வெண்பனியையும் ஒருங்கே குறிக்கும். இதனைச் சொற்பற்றாக்குறை என்று கருதுவாரும் உளர். ஆனால் அதே சொல்லுக்கு நடுக்கம், அச்சம், கண்ணீர் ஆகிய பொருள்களும் உண்டு. பனித்தல் என்னும் வினை நடுங்குதலையும் அஞ்சுதலையும் சுட்டும். குளிரால் எழும் நடுக்கமும் அச்சத்தால் எழும் நடுக்கமும் உடலில் ஒன்றுபோலத் தோன்றுவதை இச்சொல் தன்னுள் அடக்கியுள்ளது. மேலைநாட்டுத் திகில் படங்கள் உறைபனியைத் தேர்ந்தெடுத்ததன் உளவியற் காரணம் தமிழில் ஒரு சொல்லின் பொருள்விரிவிலேயே அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

திணைக் கோட்பாடும் இவ்விடத்துத் துணைபுரிகின்றது. குறிஞ்சிக்கு நிலம் மலை; பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். மலை, குளிர்காலம், நள்ளிரவு என்னும் இம்மூன்றும் குளிர்நிலத் திகில் படம் ஒன்றின் முதற்பொருளாகவும் அமையும். இரண்டிற்கும் வேறுபாடு உரிப்பொருளில் உள்ளது. எனினும் குறிஞ்சிப் பாடல்கள் அச்சத்தை அறியாதவை அல்ல. இரவுக்குறியில் தலைவன் வரும் வழியின் விலங்குகளையும் சூர்வாழும் மலைச்சாரலையும் எண்ணித் தோழி அஞ்சுவாள். தலைவியின் உடல்மெலிவை அணங்கின் செயல் என்று கருதித் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள். நோயின் காரணம் அணங்கன்று, மானிட உறவே என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். அணங்கு எனச் சொல்லப்படுவதன் பின்னே மானிடக் காரணம் ஒன்று மறைந்திருக்கக்கூடும் என்னும் இவ்வறிவு திகில் படங்களை நோக்குவதற்கும் பயன்படும்.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுவார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் புறத்தேயிருந்து வருவன. நான்காவது அவ்வாறன்று. தம்மை ஆள்வோன், தம் வாழ்வின்மேல் அதிகாரம் உடையோன் என்று அதனை விரித்துப் பொருள்கொள்ள இடமுண்டு. தம்மைக் காக்க வேண்டியவனிடமே அஞ்ச நேர்வது இவ்வச்சத்தின் தனித்தன்மை. குளிர்நிலத் திகில் படங்களின் தரத்தை அறிய இந்நான்காம் நிலைக்களன் நல்லதோர் அளவுகோலாகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஸ்டீபன் கிங் 1977இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி ஸ்டான்லி குப்ரிக் 1980இல் எடுத்த 'தி ஷைனிங்' இதற்குச் சிறந்த சான்று. கொலராடோ மலைப்பகுதியிலுள்ள ஓவர்லுக் விடுதி பனிக்காலத்தில் மூடப்படும். அதனைக் காக்கும் பணியை ஏற்ற ஜாக் டாரன்ஸ் மனைவியுடனும் சிறு மகனுடனும் அங்கே தங்குகிறான். பனி பாதையை அடைத்துவிடுகிறது. விடுதியில் ஆவிகள் உலவுவது உண்மையே. எனினும் தாயையும் மகனையும் கோடரியுடன் துரத்துபவன் குடும்பத் தலைவன்தான். அவனுக்கு முன்னர் அப்பணியிலிருந்தவனும் தன் மனைவியையும் இரு மகள்களையும் கொன்றவன். அவ்விடுதி தொல்குடியினரின் இடுகாட்டின்மேல் எழுப்பப்பட்டது என்னும் செய்தியும் படத்தில் ஓரிடத்தில் இயல்பாகச் சொல்லப்பட்டுக் கடந்து செல்கிறது. பனி புதைத்து வைத்திருப்பது நிலத்தையும் உழைப்பையும் பறித்தவர்களின் வரலாற்றை என்பது இதனால் புலனாகும். இங்கே அணங்கும் தம் இறையும் ஒன்றாகிவிடுகின்றன.

ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) அண்டார்டிகாவில் நிகழ்வது. வேற்றுலக உயிரி ஒன்று ஆய்வுநிலைய மனிதர்களின் உருவத்தைக் கவர்ந்துகொண்டு அவர்களிடையே உலவுகின்றது. இது விலங்கும் கள்வரும் இணைந்த அச்சம். அருகில் நிற்பவன் மனிதனா அன்றா என்னும் ஐயத்தை இறுதிக்காட்சி வரை தீர்க்காமல் விடுவது இப்படத்தின் வலிமை. பனிவெளியில் தப்பிச் செல்ல இடமின்மை அவ்வையத்தைக் கூர்மைப்படுத்துகின்றது.

தமிழ்த் திரையில் பனி

தமிழ்நாட்டில் உறைபனிப் பொழிவு இல்லையாதலால் தமிழ்த் திகில் படங்கள் மலைவாழிடங்களின் மூடுபனியை நாடின. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) தலைப்பிலேயே அதனை ஏற்றது. இதில் பேய் இல்லை. பெண்களைக் கொல்லும் ஒருவனின் சிதைந்த மனமே பொருள். அச்சிதைவின் வேர், தாய்க்குத் தந்தை இழைத்த கொடுமையில் உள்ளது. மனம் காணவொட்டாமல் மறைத்துவைத்த ஒன்றின் குறியீடாகவே பனி அங்கே நிற்கின்றது. 'தி ஷைனிங்' வெளிவந்த அதே ஆண்டில், அதனினும் மிகக் குறைந்த வசதிகளுடன், தமிழில் இத்தகைய படம் ஒன்று உருவானது பெருமைக்குரியது.

உறைபனியையே களமாகக் கொண்ட தமிழ்த் திகில் படங்களுள் மிலிந்த் ராவ் இயக்கிய 'அவள்' (2017) குறிப்பிடத்தக்கது. இமாசல மலைச்சூழலில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் கதை நிகழ்கின்றது. புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் பெண்ணை ஆவி பற்றுகின்றது. 1934ஆம் ஆண்டு நிகழ்வுகளாகக் காட்டப்படும் முற்பகுதிக்குக் கதை திரும்பும்போது, ஆண்மகவு வேண்டிப் பெண்மகவைப் பலியிடும் கொடுமை வெளிப்படுகின்றது. அச்சத்தின் ஊற்று மீண்டும் வீட்டின் தலைமையிடமே சென்று முடிகின்றது. இஃது இப்படத்தின் சிறப்பு. பேயோட்டும் காட்சிகள் 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) வகுத்த நெறியை மிகுதியும் பின்பற்றுவதும், மலையின் மண்ணுக்குரிய மக்கள் கதையில் வலுவான இடம் பெறாமையும் இதன் குறைகள். உதகையில் நிகழும் 'ராஸ்' (2002) என்னும் இந்திப் படத்திலும் இக்குறை உண்டு. அங்கு மலை என்பது நகரத்துத் தம்பதியர் வந்து தங்கும் தனிவீடு மட்டுமே.

இக்குறை தற்செயலானதன்று. மலைவாழிடங்களின் பங்களாக்களும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளும் தொழிலாளரின் உழைப்பால் உருவானவை. திகில் படத்தின் ஒளிப்பதிவுக் கருவி பங்களாவுக்குள் நுழையும், லயத்துக்குள் நுழைவதில்லை. லயத்தின் அச்சத்தைக் காட்டிய தமிழ்ப் படம் திகில் வகையைச் சாராத 'பரதேசி' (2013) ஆகும். பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் புதினத்தின் அடிப்படையில் பாலா இதனை இயக்கினார். டேனியல் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். ஆங்கிலத் தலைப்பு தேநீரின் செந்நிறத்தில் குருதியைக் காட்டியது. இரா. முருகவேள் தம் தமிழாக்கத்திற்கு 'எரியும் பனிக்காடு' என்று பெயரிட்டார். பனி என்னும் சொல்லுக்குள் உள்ள நடுக்கப் பொருளை இத்தலைப்பு முழுமையாகப் பயன்கொண்டுள்ளது. கங்காணியின் சொல்லை நம்பி மலையேறியவர்கள் கொள்ளைநோயிலும் தீராக் கடனிலும் சிக்கி மீள வழியின்றி நிற்பதனை நோக்கின், அடைபட்ட பாதையும் தப்ப முடியாமையும் பனித்திகில் படங்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது விளங்கும்.

புதுமைப்பித்தன் 'காஞ்சனை' என்னும் பேய்க்கதையையும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கொடுமையைக் கூறும் 'துன்பக்கேணி'யையும் எழுதியவர். ஒரே எழுத்தாளரிடம் இவ்விரண்டும் தனித்தனிக் கதைகளாகவே நின்றன. இவை இரண்டும் சந்திக்கும் இடமாகப் போனக்காட்டைக் கருதலாம்.

போனக்காட்டுக் கதை

போனக்காடு திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையை அடுத்து, அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தில் அமைந்த பழைய தேயிலைத் தோட்டப் பகுதி. 1868 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்குக் கேரளப் பக்கத்திலிருந்து செல்லும் நடைவழி இங்கிருந்தே தொடங்குகின்றது. தமிழின் முதல் இலக்கண ஆசிரியராக மரபு போற்றும் அகத்தியரின் பொதியில் இது. இங்கே உறைபனி பெய்வதில்லை, மூடுபனியே உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் உருவான இத்தோட்டத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் பல தலைமுறை உழைத்தன.

இங்குள்ள பாழடைந்த மேலாளர் பங்களா '25 ஜி.பி. பங்களா' என வழங்கப்பெறும். அதனைப் பற்றிய கதை பல வடிவங்களில் உலவுகின்றது. பொதுவான கூறுகள் வருமாறு: வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் குடும்பத்துடன் அங்கே குடியேறினார். பதின்மூன்று வயதான அவர் மகள் காரணம் அறியப்படாமல் இறந்தாள். குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அதன்பின் அச்சிறுமியின் உருவம் அங்கே தென்படலாயிற்று. விறகு பொறுக்கச் சென்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தியை அவ்வாவி பற்றியது. எழுத்தறியாத அவள் ஆங்கிலம் பேசினாள். சில நாளில் இறந்தாள். இக்கதையை நம்பி இரவில் பங்களாவைக் காணச் செல்வோரும், காணொளி எடுத்து இணையத்தில் இடுவோரும் பலர்.

இக்கதையின் உண்மை பொய்களை ஆராய்வது நம் நோக்கமன்று. அது எதனை நினைவிற்கொள்கிறது, எதனை மறக்கிறது என்பதே வினா. முதலாவதாக, இறந்த குழந்தைகளுள் மேலாளர் மகளுக்கே கதை வாய்த்தது. லயங்களில் குளிராலும் காய்ச்சலாலும் இறந்த குழந்தைகளை இக்கதை அறியாது. இரண்டாவதாக, விறகுக்காரப் பெண்ணுக்கு உரிய பங்கு, பற்றப்படுவதும் இறப்பதும் மட்டுமே. மூன்றாவதாக, அவளைப் பற்றிய ஆவியின் அடையாளமாகக் கதை காட்டுவது மொழி. தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் மொழி, ஆணையின் மொழி, கணக்கேட்டின் மொழி. பிரட்டில் பெயர் அழைக்கப்பட்டு நின்றவர்களின் வழிவந்த ஒருத்தியின் வாயில் அம்மொழி புகுவதையே இக்கதை பேரச்சமாகச் சொல்கின்றது. வெறியாட்டுப் பாடலின் தோழியைப்போல் நோக்கின், இங்கே அணங்கு எனப்படுவது தம் இறையே என்று கூறத் தோன்றும். தோட்டத்தை ஆண்டவனைப் பற்றிய அச்சம் அவன் மகளின் உருவம்கொண்டு பங்களாவில் எஞ்சியுள்ளது.

பிற்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலை செயலிழந்ததும், ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றதும், தொழிலாளர் பழுதுபட்ட லயங்களிலேயே வாழ நேர்ந்ததும் செய்தித்தாள்களில் பலமுறை வெளிவந்தவை. மழையில் கூரை விழுமோ என்று ஒவ்வோர் இரவும் அஞ்சுவதும் திகிலே. அவ்வச்சத்தைப் படம் பிடிக்கப் பங்களாவைத் தேடிச் செல்லும் கருவிகள் திரும்புவதில்லை.

ஒரு மறுப்பு

திகில் கதை இன்பத்திற்காகச் சொல்லப்படுவது, அதன்மேல் வரலாற்றுச் சுமையை ஏற்றலாமா என வினவலாம். வினா நியாயமானதே. எல்லாப் பேய்க்கதையும் தொழிலாளர் வரலாற்றைக் கூற வேண்டும் என்பதில்லை. அவ்வாறு வலிந்து கூறினால் அச்சமும் கெடும், வரலாறும் கெடும். ஆயினும் மேலே கண்ட படங்களுள் நினைவில் நிற்பவை அணங்கோடு தம் இறையையும் இணைத்தவையே. 'தி ஷைனிங்' படத்தில் ஆவிகளை மறந்தவர்க்கும் கோடரி ஏந்திய தந்தை மறப்பதில்லை. நான்காம் நிலைக்களன் இன்பத்தைக் குறைப்பதன்று, அச்சத்தை ஆழப்படுத்துவது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், குளிர்நிலத் திகில் படங்களின் முதற்பொருள் குறிஞ்சியின் முதற்பொருளோடு ஒத்திருப்பதும், பனி என்னும் தமிழ்ச்சொல் குளிரையும் அச்சத்தையும் ஒருங்கே தாங்குவதும், இவ்வகைப் படங்களின் தரம் தம் இறை என்னும் நிலைக்களனை அவை கையாளும் முறையைப் பொறுத்திருப்பதும் பெறப்படும். போனக்காட்டுப் பங்களாக் கதை ஒருநாள் தமிழிலோ மலையாளத்திலோ நல்ல திரைப்படமாகலாம். அதனை எடுப்பவர் வெள்ளைக்காரச் சிறுமியோடு விறகுக்காரப் பெண்ணுக்கும் ஒரு பெயரும் வீடும் தருவாராயின் அப்படம் சிறக்கும். அதற்கு முன்னர், லயங்களில் வாழும் முதியோரிடமிருந்து அவர்கள் அறிந்த அச்சக் கதைகளைத் தொகுப்பது எல்லைக்கு இருபுறமும் உள்ள தமிழ்த் துறைகளின் கடமை. அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே கேட்டறிதல் வேண்டும்.