அலமாரிக்குள் புகுந்த பிரிட்ஜ்

ஒரு குடும்பம் எதைக் கூடத்தில் வைக்கிறது, எதைக் கதவுக்குப் பின்னால் தள்ளுகிறது என்று கவனிப்பது நாவல் எழுதுகிறவனுக்குத் தொழில். பிரிட்ஜ் விஷயத்தில் நம் நடுத்தரக் குடும்பங்களின் போக்கு வேடிக்கையாக மாறியிருக்கிறது. கோத்ரெஜ் கம்பெனி இந்தியாவிலேயே பிரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது 1958-ல். அதற்குப் பிறகு வெகுகாலம் வரைக்கும், பிரிட்ஜ் வாங்கிய வீட்டில் அது கூடத்தில்தான் நின்றது. தலையில் பூ வேலை செய்த துணி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. வந்தவர் கண்ணில் படாவிட்டால் வாங்கிய பணத்துக்கு என்ன பிரயோஜனம்? இன்று அதே வீட்டுப் பேரன் புது வீடு கட்டுகிறான். பிரிட்ஜ் இருக்கிற இடமே தெரியக்கூடாது என்கிறான். அலமாரியோடு அலமாரியாக, சுவரோடு சுவராக அது மறைந்துவிட வேண்டுமாம்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். மல்லாட்டை விளைந்த கொல்லைகளில் இப்போது மனைக் கற்கள் முளைத்திருக்கின்றன. ஒவ்வொரு மனைப் பிரிவுக்கும் ஒரு 'நகர்' என்று பெயர். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. திண்டிவனமோ சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் கூடும் இடம். உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் வீடு கட்டுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போனால், சாமி அறைக்கு அடுத்தபடியாக நம்மை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவது சமையலறையைத்தான். இந்தச் சமையலறைகளை ஒரு புத்தகத்தை மதிப்பிடுகிற மாதிரி மதிப்பிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று.

மறைக்க வேண்டும் என்கிற ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். சமையல் மேடையின் அகலம் வழக்கமாக இரண்டடி. இரட்டைக் கதவு பிரிட்ஜின் ஆழம் அதைவிட அதிகம்; பின்னால் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் அது வரிசையை மீறி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு உறுத்தும்; போகிறவர் வருகிறவர் தோளிலும் இடிக்கும். சமையலறை முழுவதையும் ஒரே திட்டமாக வகுப்பதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1926-ல் ஜெர்மனியில் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வகுத்தார். சமைக்கிறவள் எத்தனை அடி நடக்கிறாள், எங்கே கையை நீட்டுகிறாள் என்று கணக்கிட்டு ஒவ்வோர் அலமாரிக்கும் இடம் குறித்தார்.

இயந்திரத்தை மறைக்கிற ஆசையும் புதிதல்ல. 1927-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அமெரிக்காவில் விற்ற பிரிட்ஜின் இயந்திரம், வட்டமான தலைப்பாகை போல உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. 1935-ல் ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர் சியர்ஸ் கம்பெனியின் 'கோல்ட்ஸ்பாட்' பெட்டிக்கு வழுவழுப்பான ஒரே உடலைக் கொடுத்தார். அது அமோகமாக விற்றது. அன்று இயந்திரத்தைத் தகட்டால் மூடினார்கள். இன்று நாம் அந்தத் தகட்டையும் பலகையால் மூடுகிறோம். விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூடுகிறவருக்கு உள்ளே இருப்பது இன்னதென்று தெரியுமா?

பிரிட்ஜ் குளிரை உண்டுபண்ணுவதில்லை. தனக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. முன்பெல்லாம் முதுகில் கறுப்புக் கம்பி வலை ஒன்று தெரியும்; அதன் வழியாகச் சூடு வெளியேறும். இப்போது வரும் பல பெட்டிகளில் அந்தக் குழாய்கள் பக்கத் தகடுகளுக்குள்ளேயே ஓடுகின்றன. பிரிட்ஜின் விலாவில் கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அதுதான் காரணம். அந்த விலாக்களோடு பலகையை ஒட்டி அடித்துவிட்டால், கொட்டிய சூடு போக வழியின்றிப் பெட்டியையே சுற்றிக்கொண்டு நிற்கும். வெப்பமண்டல வகை என்று குறிக்கப்பட்ட பிரிட்ஜ்கள், சுற்றியுள்ள காற்று 43 டிகிரி வரை சுடுவதைத் தாங்குமாறு செய்யப்பட்டவை. அக்கினி நட்சத்திரத்தில் நம் பக்கத்துச் சமையலறை, அடுப்பு எரியாதபோதே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் மூடிய அலமாரி; அலமாரிக்குள் பெட்டி கக்கும் சூடு. கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். மின்சாரக் கட்டணம் ஏறும். பெட்டியின் ஆயுள் குறையும்.

விழுப்புரத்தில் ஓர் ஆசிரியத் தம்பதியின் வீட்டில் இப்படி ஒரு சமையலறையைப் பார்த்தேன். தந்த நிற மைக்கா ஒட்டிய ஆளுயர அலமாரி. கீலும் கைப்பிடியும் அப்பழுக்கில்லாத வேலை. அந்தக் கதவைத் திறந்தால் உள்ளே சாதாரண பிரிட்ஜ். அதற்கு அதன் சொந்தக் கதவு. ஒரு கொத்து கொத்தமல்லிக்கு இரண்டு கதவு திறக்க வேண்டும். உள் கதவு பக்கப் பலகையில் இடித்து முக்கால்வாசியோடு நின்றுவிடுவதால், காய்கறித் தட்டைச் சாய்த்து வளைத்துத்தான் உருவ முடிகிறது. நான் போனபோது வெளிக் கதவு அகலத் திறந்தே கிடந்தது. ஏன் என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார்: "மூடி வெச்சா சூடு தாங்கல சார். யாராச்சும் வந்தா மூடுவோம், போனதும் தொறந்துடுவோம்."

அந்தச் சமையலறையைப் பற்றி இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது. விருந்தாளிக்காகக் கட்டிய அலமாரி அது. தினமும் நாலு வேளை அதன் முன் நிற்கிறவளை யாரும் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் பார்த்தது வேறு தினுசு. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிட்ஜுக்கு முன்னால் கதவே கிடையாது. இரு பக்கமும் உயரமான பலகைகள், மேலே பரண். நடுவில் பெட்டி நிற்கிறது. எட்ட இருந்து பார்த்தால் சுவருக்குள் பதித்த மாதிரியே இருக்கிறது. கிட்டப் போனால்தான் பக்கத்துக்கு இரண்டு அங்குலம், முதுகில் மூன்று அங்குலம், தலைக்கு மேல் அரையடி காலி இடம் விட்டிருப்பது தெரியும். மேல் இடைவெளியை மறைக்கச் சாய்வான மரச் சட்டங்கள். சூடு அவற்றின் வழியே போய்விடும். பிளக் பாயிண்ட் பெட்டிக்குப் பின்னால் இல்லாமல், பக்கத்து அலமாரிக்குள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. பெட்டியின் அகலம் இரண்டடிதான், இடம் மூன்றடி. மிச்சத்தில் மளிகை டப்பாக்களுக்கு ஒரு குறுகலான தட்டு அடுக்கு. திருகாணியைக் கழற்றினால் தனியே வந்துவிடும். "நாளைக்கு மருமக வந்து பெரிய பெட்டியா வேணும்னா, சுவத்தையா இடிக்கிறது?" என்றார்.

இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. பிரிட்ஜுக்கு ஆயுள் பத்துப் பதினைந்து வருஷம். நல்ல பிளைவுட் அலமாரி அதைத் தாண்டி நிற்கும். அதற்குள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும், பேரக் குழந்தை வரும், பெரியவர்களுக்கு இன்சுலின் வரும். இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மூச்சு முட்டி நின்றுபோன பெட்டியில் கெடுவது நேற்றைய சாம்பார் மட்டுமல்ல. இன்று வாங்கிய பெட்டியின் அளவுக்குச் சரியாக அலமாரி அடித்துவிடுகிறவர், தம் குடும்பம் இனி மாறப்போவதில்லை என்று பலகையில் எழுதி வைக்கிறார். எந்தக் குடும்பமும் அந்த எழுத்துக்குக் கட்டுப்பட்டதில்லை.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணையும் கரை புரண்டது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு தண்ணீரில் ஊறினால் அப்பமாக உப்பிவிடும். பிறகு பழைய உருவத்துக்குத் திரும்பாது. தனியே நிற்கிற பிரிட்ஜை நாலு பேர் சேர்ந்து மேசைமேல் தூக்கி வைக்கலாம். அலமாரிக்குள் அறையப்பட்டதை என்ன செய்வது? வெள்ளமே வராவிட்டாலும், அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் தரையில் தண்ணீர் கொட்டிக் கழுவுகிற வீடுகள் நம்முடையவை. ஆகவே பெட்டிக்கு நாலங்குல உயரத்தில் சிமெண்டு மேடை கட்டிவிடுவது நல்லது. பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள நீர் தாங்கும் பிளைவுட் வேண்டும். கீழ்த்தட்டுக்கு நம் பழைய கடப்பாக் கல்லே போதும். இந்த மாவட்டத்தில் தண்ணீருக்குச் சற்றும் அஞ்சாத மரம் திருவக்கரையில் கிடக்கிறது. அது கல்லாகி இரண்டு கோடி வருஷம் ஆகிறது என்கிறார்கள். தச்சர் அதை இழைக்க முடியாது.

உள்ளே பதிப்பதற்கென்றே செய்த பிரிட்ஜ்களும் உண்டு. ஐரோப்பிய அளவில் அவற்றுக்கு 56 சென்டிமீட்டர் அகலமுள்ள பொந்து வேண்டும். கீழே பாதப் பலகை வழியாகக் காற்று நுழைந்து, முதுகுப் புறமாக ஏறி, உச்சியில் வெளியேற வேண்டும். அதற்குக் குறைந்தது 200 சதுர சென்டிமீட்டர் வழி விடச் சொல்கிறது கையேடு. விலை அதிகம். பழுது பார்க்க ஆளும் பகுதிகளும் சிறிய ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. படத்தில் காண்பது அந்தப் பெட்டி; நம் வீட்டுக்கு வருவது சாதாரணப் பெட்டி. படத்தைத் தச்சரிடம் காட்டுகிறவர்கள் கையேட்டையும் சேர்த்துக் காட்டுவதில்லை. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் அதில்தான் அச்சிட்டிருக்கிறது.

நம் பாட்டிமார் வைத்திருந்த வலை அலமாரி பலருக்கு ஞாபகம் இருக்கும். பாலும் தயிரும் மீந்த குழம்பும் அதற்குள் இருக்கும். கால்கள் நாலும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும், எறும்புக்காக. கதவில் கம்பி வலை, காற்றுக்காக. பூனைக்குப் பூட்டு. அதில் அழகுக்கென்று ஒரு வேலையும் செய்திருக்க மாட்டார்கள்; ஆனாலும் பார்த்தால் அழகாகவே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும், யார் கை அதைத் திறக்கும் என்ற மூன்றும் தெரிந்தவன் செய்த அலமாரி அது. அந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு உளியை எடுக்கிற ஆசாரி கிடைத்தால், பிரிட்ஜை எந்தச் சுவரோடு வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம்.