ஆக்ஃபா கிளிக் 3

சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் கைப்பேசி கேமரா இல்லாத சட்டைப்பை இல்லை. ஆனாலும் முட்டுக்காடு கழிமுகத்துக்கு நான் எடுத்துப் போவது ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த இந்தக் கறுப்புப் பெட்டிதான் எத்தனையோ நடுத்தர வீடுகளின் முதல் கேமரா. 120 ஃபிலிம், ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். பின்பக்கச் சிவப்புச் சன்னலில் அடுத்த எண் வரும்வரை குமிழைத் திருக வேண்டும். 12தான் என்று தெரிந்துவிட்டால் கண்ணுக்குத் தானாகவே நிதானம் வருகிறது. அந்த நாட்களில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ சுருள் கிடைத்தது. அந்த ஆலை மூடப்பட்டது நமக்குப் பேரிழப்பு.

லென்ஸ் மாற்றக்கூடிய வேறு கேமராக்கள் என்று வந்தால், என் பிரியம் சோவியத் ஹீலியாஸ் 44 லென்ஸ். ஜெர்மனியின் பயோட்டார் வடிவமைப்பிலிருந்து வந்தது. ஒளித்துளையை முழுதாகத் திறந்து எடுத்தால் முகத்துக்குப் பின்னால் வேப்பிலைகள் வட்டமாகச் சுழலும். இலக்கணப்படி அது குறைதான். எனக்கு அதுவே அழகு.

கடற்காற்று வீசும் நம் பக்கத்தில் பெரிய எதிரி பூஞ்சை. ஈரம் தங்கினால் கண்ணாடிக்குள் நூல்நூலாகப் படர்ந்து மேற்பூச்சை அரித்துவிடும். தோலுறை ஈரத்தை இழுக்கும். அதைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தாத்தாவின் கேமரா பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். 120 ஃபிலிம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.