சொல்லாத இரகசியமும் சொல்ல இயலாத இரகசியமும்

இரகசியம் என்னும் ஒரே சொல்லுள் இருவேறு பொருள்கள் உறைகின்றன. ஒன்று, சொல்லக் கூடியது. அச்சத்தினாலோ, கர்வத்தினாலோ மறைக்கப்படுவது. மற்றொன்று, சொல்ல விரும்பினாலும் சொல்லுக்குள் அடங்காதது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட குழப்பமே ஃப்ரீமேஸன் சங்கம் பற்றிய எழுத்துகள் பலவற்றைக் கெடுத்துள்ளது. அக்குழப்பத்தை நீக்க முயன்ற நூல், ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் இயற்றிய 'எர்ன்ஸ்ட்டும் ஃபால்க்கும்'.

லெஸ்ஸிங் நமக்கு அந்நியரல்லர். சுல்தான் ஸலாஹுத்தீனைப் பெருந்தகையாளராகச் சித்திரித்த 'ஞானி நாதன்' நாடகத்தை 1779இல் வெளியிட்டவர் அவரே. 1771இல் ஹாம்பர்க் நகரில் அவர் ஃப்ரீமேஸனாகத் தீட்சை பெற்றார். மேற்சொன்ன நூலின் முதல் மூன்று உரையாடல்கள் 1778இலும், எஞ்சிய இரண்டும் அவருடைய இசைவின்றி 1780இலும் அச்சேறின.

சங்கத்தைச் சார்ந்த ஃபால்க், சாராத நண்பன் எர்ன்ஸ்ட்டிடம் பேசுகிறான். நாடும் மதமும் அந்தஸ்தும் மனிதரைக் கூட்டுகையிலேயே பிரித்தும் விடுகின்றன. அப்பிரிவினைகளுக்கு மேலெழுந்தவர்கள் எங்கும் வேண்டும் என்பது அவன் வாதம். கைகுலுக்கும் முறையும் அடையாளச் சொல்லும் அவனுக்கு இரகசியமே அல்ல. நியாயந்தான். சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் 1730இலேயே அவற்றை இலண்டனில் அச்சிட்டு விற்றுவிட்டார், சங்கமோ அழிந்துவிடவில்லை. மெய்யான இரகசியம், அவரவர் தம் அகத்தில் கண்டுணர வேண்டியது என்கிறான் ஃபால்க்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைக் கற்றோர்க்கு இது புதிதன்று. ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று விளக்கி, ஸூஃபிகளின் வழி 'தவ்க்' எனும் சுவைத்தறிதலால் மட்டுமே கைவரும் என்றார்கள் அவர்கள். தேனின் இனிமையை நாம் ஒளித்து வைப்பதில்லை. உண்ணாதவனுக்கு அது தானே ஒளிந்துகொள்கிறது.

ஆயின், இங்கே ஒரு வினா எழுகிறது. சொல்லவே இயலாததைக் காக்கச் சத்தியப் பிரமாணம் எதற்கு? பூட்டு, திருடக் கூடிய பொருளுக்கன்றோ வேண்டும்?

இவ்வினாவின் கூர்மையை லெஸ்ஸிங்கும் உணர்ந்தே இருந்தார். நண்பன் சொல் கேட்டுச் சங்கம் புகுந்த எர்ன்ஸ்ட் மனம் கசந்து திரும்புகிறான். அங்கே ஒருவர் பொன் செய்யத் துடிக்கிறார். மற்றொருவர் ஆவிகளை அழைக்கிறார். தகுதி வாய்ந்த யூதர் ஒருவர் வந்தால் ஏற்பார்களா எனின், கிறிஸ்தவராகவேனும் இருக்க வேண்டும் என்பதே விடை. மதில்களைத் தகர்க்க வந்தோர் மற்றொரு மதிலை எழுப்பிவிட்டனர். மோஸஸ் மெண்டல்சோன் என்னும் யூத அறிஞரை உயிர்த்தோழராகக் கொண்ட லெஸ்ஸிங்குக்கு இது ஏட்டளவு வேதனையாக இருந்திராது.

இவ்விடத்தில்தான் நூல் நம்மை ஏமாற்றுகிறது. விசுவாசத்துக்குத் தேவாலயம் எப்படியோ, மேஸன் நெறிக்குச் சங்கம் அப்படி என்று ஃபால்க் சமாதானம் கூறுகிறான். அழகிய உவமை! எனினும், இதைக் கொண்டு எந்த நிறுவனத்தின் எந்தக் குறையையும் மூடிவிடலாமே! சீர்கெட்ட தரீக்காவுக்காக வாதாடுவோரும், முரீதுகளின் வாயை அடைத்துத் தம் வெறுமையை மறைக்கும் போலி ஷைகுகளும் இதே நிழலில்தான் ஒதுங்குகின்றனர்.

அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களின் வரலாறு ஃபால்க்கினும் தெளிவாகப் பேசுகிறது. 1860இல் திமிஷ்கில் கலவரக்காரர்களிடமிருந்து ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களை அவர்கள் காத்தார்கள். அதை வியந்தே பிரெஞ்சு மேஸன்கள் அவர்களை அழைத்தனர்; அலெக்ஸாந்திரியாவில் தீட்சை நடந்தது 1864இல். ஆகவே, மனிதரை மனிதராகக் காணும் அகப்பார்வை அவர்களுக்குச் சங்கம் தந்ததன்று. திருமறையும் இப்னு அரபி (ரஹ்) அவர்களின் ஞானநெறியும் முன்பே தந்தது.

லெஸ்ஸிங்கின் நூல் படிக்கத்தக்கதே. அது வகுத்த வேறுபாடு மெய்யானது. அதை ஒரு சங்கத்தின் வாயிலில் கட்டிவைத்ததே அதன் குறை. உள்ளத்தில் விளைந்த உண்மை செயலில் வெளிப்பட்டே தீரும். வெளிப்படாமல் பூட்டிலேயே கிடப்பது எதுவாயினும், அதை ஞானமென ஏற்க நாம் கடமைப்பட்டவர்களல்லோம்.