படிக்க முடியாத எழுத்து: மேரி லாய்ட் ஜோன்ஸின் ஓவியங்களில் ஊரும் மொழியும்



ஓர் ஓவியத்தைக் காட்டிக் கருத்து எழுதச் சொன்னால், நம் மாணவர்களில் பலர் "வண்ணங்கள் அழகாக உள்ளன, கருத்து ஆழமாக உள்ளது" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். எது அழகு, எதனால் ஆழம்னு கேட்டால் பதில் வராது. அதற்கு ஒரு பயிற்சியாக, வேல்ஸ் நாட்டு ஓவியர் மேரி லாய்ட் ஜோன்ஸை இங்கே எடுத்துக்கொள்வோம். 1934இல் பிறந்தவர். வெல்ஷ் மொழி பேசும் சூழலில் வளர்ந்தவர். தன் ஊரின் நிலத்தையே வாழ்நாள் முழுக்க வரைந்தவர். அவருடைய ஓவியங்களில் நிலத்தின் மேல் ஏதோ எழுத்துகள் கீறப்பட்டிருக்கும். அந்த எழுத்துகளை ஆங்கிலேயரால் படிக்க முடியாது. வெல்ஷ் பேசுகிறவராலும் படிக்க முடியாது! மொழியைக் காக்க நினைக்கும் ஒருவர், யாருமே படிக்க முடியாதபடி ஏன் எழுதுகிறார்? இந்த ஒரு கேள்வியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு போவோம்.

ஓர் ஊர், இரண்டு பெயர்

மேரி பிறந்த ஊர் வேல்ஸின் மேற்குப் பகுதியில், கெரெடிகியன் மாவட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குச் 'சாத்தானின் பாலம்' என்று பொருள்படும் பெயர். சாத்தான் ஒரு கிழவிக்குப் பாலம் கட்டிக் கொடுத்து, முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டானாம். கிழவி ரொட்டித் துண்டை வீசி ஒரு நாயைக் கடக்க வைத்து அவனை ஏமாற்றினாளாம். சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த கதை இது. அருவியும் பள்ளத்தாக்கும் பார்க்க 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பயணிகள் நிறையப் பேர் வந்தார்கள். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் 1824இல் வந்து போனார்.

வெல்ஷ் மொழியில் அந்த ஊரின் பெயர் பொன்டார்வனாக். 'மனாக் ஆற்றின் மேல் உள்ள பாலம்' என்று பொருள். சாத்தானும் இல்லை, கதையும் இல்லை. ஆறும் பாலமும் மட்டும்தான். 'மனாக்' எப்படி 'வனாக்' ஆனது? 'மேல்' என்று பொருள்தரும் சொல் முன்னால் வந்தால் அடுத்த சொல்லின் முதல் எழுத்து திரியும் என்பது வெல்ஷ் இலக்கணம். நம் புணர்ச்சி விதியைப் படித்தவர்களுக்கு இது புரியாத விஷயமா என்ன?

அங்கே ஒரே இடத்தில் மூன்று பாலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. அடியில் இடைக்காலக் கற்பாலம், அதற்கு மேல் 1753இல் கட்டிய கற்பாலம், அதற்கும் மேல் 1901இல் போட்ட இரும்புப் பாலம். பழையதை இடிக்காமல் அதன் தலைமேலேயே புதியதை வைத்திருக்கிறார்கள். மேரியின் ஓவிய முறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அவரும் ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கை வைக்கிறார், அடியில் இருப்பது தெரியும்படியே.

படத்தில் என்ன இருக்கிறது?

முதலில் கண்ணில் படுவது நிறம். வேல்ஸ் மலைகள் என்றால் பச்சை, சாம்பல், கருமை என்று ஒரு பழக்கம் இருந்தது. சர் கைஃபின் வில்லியம்ஸ் (1918–2006) கத்தியால் தடிமனாகப் பூசி வரைந்த இருண்ட மலைகள்தாம் பலர் மனத்தில் வேல்ஸாகப் பதிந்தன. மேரியின் மலைகளோ சிவப்பு, ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் என்று எரிகின்றன. வயல்கள் சாயம் தோய்த்த துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டது போலக் கிடக்கின்றன. இது சும்மா சொல்லும் உவமை கிடையாது. 1970களில் அவர் துணியிலும் சாயத்திலும் வேலை செய்தவர். வெட்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது வேல்ஸ் பெண்களின் பழைய கைவேலை. கலைக்கூடங்களில் இடம் கிடைக்காத அந்தக் கைவேலையின் கட்டமைப்பை அவர் நிலக்காட்சிக்குள் கொண்டுவந்தார்.

அடுத்து, மனிதன் தோண்டிய தழும்புகள். அந்த வட்டாரம் ஈயம், வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பெயர்போனது. அருகிலுள்ள மலையில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செம்பு வெட்டியிருக்கிறார்கள். சுரங்கங்கள் மூடிய பிறகும் கழிவு மண்மேடுகள் புல் முளைக்காமல் நிற்கின்றன. பயணிகள் அருவியைப் பார்த்தார்கள். மேரி மண்மேட்டையும் பார்க்கிறார். ஊரைச் சேர்ந்தவர் பார்வைக்கும் வந்துபோகிறவர் பார்வைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் 'மில்ட்டிர் ஸ்குவார்' என்று ஒரு வழக்கு உண்டு. 'சதுர மைல்' என்பது நேர்ப்பொருள். ஒருவர் பிறந்து வளர்ந்து, ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லி அறிந்திருக்கும் சிறு வட்டாரம் அது. மேரியின் நிலம் அந்தச் சதுர மைல்தான்.

கீறல்களா, எழுத்துகளா?

இனி நம் கேள்விக்கு வருவோம். வண்ணத்தின் மேல் அவர் கீறும் குறிகள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன.

ஒன்று, கற்காலக் கல்லறைப் பாறைகளில் உள்ள சுழிகளும் வளைகோடுகளும். பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாது.

இரண்டு, ஓகம். கல்லின் விளிம்பை நடுக்கோடாக வைத்து, ஒன்று முதல் ஐந்து வரை கோடுகள் வெட்டி எழுதும் முறை. அடிப்படை எழுத்துகள் 20. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகைய நினைவுக்கற்கள் வேல்ஸில், குறிப்பாகத் தென்மேற்கில், இன்றும் நிற்கின்றன. ஆனால் அதில் எழுதப்பட்ட மொழி வெல்ஷ் கிடையாது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழி. பல கற்களில் பக்கத்திலேயே லத்தீனும் இருக்கும்.

மூன்றாவதுதான் சுவையான கதை. அதன் பெயர் 'கொய்ல்பிரென்'. மரச்சட்டங்களில் செதுக்குவதற்காகப் பழங்காலக் கவிராயர்கள் வைத்திருந்த எழுத்து என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவர் அறிவித்தார். யோலோ மொர்கானுக் என்ற புனைபெயர் கொண்ட எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826). தொழிலால் கல்தச்சர், திறமையான கவிஞர். உண்மை என்னவென்றால், அந்த எழுத்தை அவரே உருவாக்கிவிட்டுப் பழையது என்று சொல்லிவிட்டார்! பழங்கவிஞர்கள் பெயரில் அவரே பாட்டு எழுதியதையும் 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 1792இல் லண்டனில் அவர் தொடங்கிய கவிராயர் சபை மட்டும் இன்றுவரை நிலைத்து, வேல்ஸின் தேசியக் கலைவிழாவான ஐஸ்டெத்வோடில் சடங்குகளை நடத்திக்கொண்டிருக்கிறது.

ஆக, மேரியின் எழுத்துகளில் ஒன்று பொருள் தெரியாதது, ஒன்று அயலாருடையது, ஒன்று போலி. "இதை வைத்துக்கொண்டு வெல்ஷ் அடையாளம் பேசலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டால் அது சரியான கேள்வி. அடக்கிவிடாதீர்கள்.

போலி எழுத்தில் ஓர் உண்மை

என் பதில் இது. யோலோவின் எழுத்து வரலாற்றுச் சான்றாகப் பொய். ஓர் ஏக்கத்தின் சான்றாக மெய். தம் மொழிக்கு மதிப்பில்லை என்று தொடர்ந்து சொல்லப்பட்ட ஒரு மக்களிடையே, அதற்குப் பழம்பெருமை இருந்தே தீரவேண்டும் என்று ஒருவர் எழுத்தையே உண்டாக்கினார். எதனால் அந்தத் தவிப்பு? சில செய்திகளைப் பாருங்கள். 1536இன் சட்டம் வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தையே மொழியாக்கியது. யோலோ இறந்து இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை மாறவில்லை. 1847இல் வெல்ஷ் தெரியாத மூன்று ஆணையர்கள் வேல்ஸின் கல்வியை ஆராய்ந்து, அந்த மொழியை முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதினார்கள். அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'டபிள்யூ. என்.' என்று வெட்டிய மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. பிள்ளைகளையே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வைத்த முறை. தொங்கவிட்டவர்கள் ஆசிரியர்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இந்த மரத்துண்டையே கலையாக்கியவர் பால் டேவிஸ். 1977இல் ரெக்ஸமில் நடந்த ஐஸ்டெத்வோடில், அதே எழுத்துகளைச் செதுக்கிய கனமான ரயில் தண்டவாளக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். பார்த்தவுடன் புரியும், மறுக்க முடியாத கலை அது. பால் டேவிஸ் உரக்கக் கத்துகிறார். மேரியோ காதோடு பேசுகிறார். அவர் படத்தில் குற்றவாளியும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நிலம் ஏதோ சொல்கிறது. நமக்குப் படிக்கத் தெரியவில்லை.

அந்த 'தெரியவில்லை' என்ற உணர்வுதான் அவருடைய சாதனை என்பது என் கருத்து. 1891இல் வேல்ஸில் பாதிக்கு மேற்பட்டோர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 17.8 விழுக்காட்டினர் மட்டுமே பேசுவதாகச் சொன்னார்கள். அதாவது வேல்ஸ்காரர்களில் பெரும்பாலோர், தம் ஊர்ப்பெயரின் பொருள்கூடத் தெரியாமல் அந்த ஊரில் வாழ்கிறார்கள். பலகையில் எழுத்து இருக்கிறது. வாய் அதைச் சொல்கிறது. பொருள் மட்டும் வருவதில்லை. மேரியின் ஓவியத்தின் முன் நிற்கும் எவரும், மொழி தெரிந்தவரும்கூட, ஒரு நிமிடம் அந்த நிலையில் நிற்கிறார். மொழியை இழந்தவரைக் குறைசொல்லாமல் அந்த இழப்பை அனுபவமாகக் கொடுக்கிறார். அவருடைய நூல் ஒன்றின் பெயர் 'முதல் மொழி'. தாய்மொழி என்றும் கொள்ளலாம், எழுத்துக்கு முந்திய கீறல் என்றும் கொள்ளலாம். இரண்டும் பொருந்தும்.

குறை இல்லையா?

உண்டு. முதல் குறை, விளக்கம் தெரியாமல் பார்ப்பவருக்கு அந்தக் குறிகள் வெறும் கோலமாகிவிடும். ஓகம் என்றால் என்ன, யோலோ யார் என்று அறியாதவர் "நல்ல டிசைன்" என்று நகர்ந்துவிடுவார். பால் டேவிஸின் கட்டையை யாராலும் அப்படிக் கடந்துபோக முடியாது.

இரண்டாவது குறை, நிறத்தின் இனிமை. ஈயக் கழிவு நஞ்சு. அது கலந்த ஆறுகளில் மீன் வாழ்வது கடினம். அந்த மண்மேடு செந்நிறமும் ஊதாவுமாய் ஒளிரும்போது, காயம் அலங்காரமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. கீறல் ஆழமாக இறங்கிய படங்களில் நிறமும் வலியும் சேர்ந்து நிற்கின்றன. கீறல் மேலோட்டமாக மிதக்கும் படங்களில் நிறம் மட்டும் வென்றுவிடுகிறது. நல்ல ஓவியர் என்பதால் எல்லாப் படமும் நல்லது என்று எழுதவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 1939இல் அபெரிஸ்ட்வித் நகரில், பொன்டார்வனாக்கிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தூரத்தில், முதல் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி ஏழே ஏழு மாணவர்களோடு தொடங்கியது. இன்று வேல்ஸ் முழுவதும் அத்தகைய பள்ளிகள் உள்ளன. மொழியைக் காப்பது பள்ளியின் வேலை. ஓவியத்தால் அது முடியாது. எது காக்கப்படுகிறது, அது போனால் என்ன உணர்வு மிஞ்சும் என்பதைக் காட்ட ஓவியத்தால் முடியும். மேரி செய்தது அதைத்தான். அவருடைய சிறந்த படங்களில் நன்றாகவே செய்திருக்கிறார்.

மாணவர்கள் எழுதிப் பழக

1. ஓர் ஊருக்கு இரண்டு மொழிகளில் இரண்டு பெயர்கள் இருந்தால், ஒவ்வொரு பெயரும் யாருடைய பார்வையைக் காட்டுகிறது? பொன்டார்வனாக்கை வைத்து ஒரு பத்தி எழுதுக.

2. "போலி எழுத்தைப் பயன்படுத்தும் ஓவியம் போலி ஓவியமே." இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ எழுதுக. காரணம் மூன்றாவது இருக்கவேண்டும்.

3. பால் டேவிஸின் கட்டை, மேரியின் கீறல்: இவ்விரண்டில் எது பார்ப்பவரிடம் நீண்டநாள் தங்கும்? ஏன்?

ஆசிரியர்கள் கவனிக்க: விடையில் 'அழகு', 'ஆழம்' என்ற சொற்கள் வந்தால் அடிக்கோடிட்டு, "படத்தில் எந்த இடத்தில்?" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த இடத்தைக் காட்டத் தெரிந்த மாணவர் விமர்சனம் எழுதத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.