அம்புக்கு முன்னால்

வல்வில் ஓரியின் அம்பைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா சொன்னபோது வகுப்பே வாயைப் பிளந்தது. புறநானூறு 152, வன்பரணர் பாடியது. யானையை வீழ்த்திய அம்பு புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. பின் பெஞ்சில் ஒருவன் எழுந்து, "ஐயா, அஞ்சும் எதுக்கு ஒரே வரிசையில நின்னுது?" என்று கேட்டு அடி வாங்கினான். இருபது வருடம் கழித்து யோசித்தால், அது நல்ல விமர்சனக் கேள்வி என்றுதான் படுகிறது.

பாட்டில் வேட்டை அம்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு ஓரி கொல்லிமலையில் எத்தனை நாழிகை நடந்தான், காற்று எந்தப் பக்கம் அடித்தது, யானை அந்த வழியாக வரும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது, ஒன்றும் இல்லை. வன்பரணரைக் குறை சொல்ல முடியாது. பரிசில் தேடி வந்தவருக்கு அம்பு போதும். என் வழக்கு நம்மோடுதான். ஈராயிரம் வருடமாக அந்த அம்பின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

வில், ஈட்டி, வளரி போன்ற கையாயுதங்களை வைத்து வேட்டையாடுகிறவனுக்கு எறிவதும் எய்வதும் கடைசி ஒரு நிமிடத்து வேலை. துப்பாக்கிக்காரன் நூறு கெஜம் தள்ளி நின்று சுடலாம். வில் வைத்திருப்பவன் மிருகத்தின் மூச்சு கேட்கிற தூரம்வரை போயாக வேண்டும். ஆகவே அவனுடைய படிப்பில் முக்கால்வாசி தடம் பார்ப்பது, நடப்பது, அசையாமல் நிற்பது. சின்ன வயதில் கவட்டையும் சைக்கிள் டியூப் ரப்பருமாக தோவாளைப் பக்கத்து வயல் வரப்புகளில் அலைந்த எனக்கு அது தெரியவில்லை. குறி தவறுகிறது என்று நினைத்து வீட்டில் டப்பாவை வைத்து அடித்துப் பழகினேன். டப்பா பறக்காது. காடை என் செருப்புச் சத்தம் கேட்டே பறந்துவிடும்.

படிப்பைப் பற்றிக் கொஞ்சமாவது சொன்னவர் சேக்கிழார். கண்ணப்பர் கதையை நம்மூர்க் கோவில் உபன்யாசங்களில் கேட்டால் குடுமித்தேவர், வாயில் கொண்டுவந்த தண்ணீர், கண் என்று ஒரே ஓட்டமாகப் போய்விடும். பெரியபுராணத்தைத் திறந்தால் அதற்கு முன்னால் ஒரு முழு வேட்டை இருக்கிறது. நாகன் மகனுக்கு நாள் பார்த்து வில் பிடிக்கவைக்கிறான், கற்பிக்க ஆள் வைக்கிறான். பிறகு முதல் வேட்டை. வலை கட்டுகிறார்கள், நாய்களை விடுகிறார்கள், சத்தமிட்டு மிருகங்களைக் கலைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம், அந்த வேடர்கள் எதைக் கொல்லவில்லை என்று சேக்கிழார் சொல்கிற பாட்டு: யானைக் கன்றைத் தொடர்வதில்லை, குட்டிகளைக் கொல்வதில்லை, சினையாக இருக்கும் பிணையைத் தொந்தரவு செய்வதில்லை. ஓடுகிற மிருகம் சினையா இல்லையா என்று பார்த்த பார்வையிலேயே தெரியவேண்டும் என்றால், அது எத்தனை வருடப் படிப்பு!

அடுத்தது பன்றி. வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. திண்ணன் பின்னால் ஓடுகிறான், கூட நாணனும் காடனும். அம்பு எய்யவில்லை. பன்றி ஓடிக் களைத்து மரநிழலில் ஒதுங்கும்வரை விடாமல் ஓடி, பக்கத்தில் போய், கையிலுள்ள குறுவாளால் வெட்டுகிறான். கலஹாரியில் சான் மக்கள் மானை வெயிலில் ஓடவைத்துக் களைப்பித்துப் பிடிக்கும் முறையை லூயி லீபன்பர்க் விரிவாக எழுதியிருக்கிறார். தடம் பார்ப்பதுதான் அறிவியலின் தொடக்கம் என்று 1990-ல் ஒரு புத்தகமே போட்டவர் அவர். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழநாட்டு அமைச்சர் ஒருவர் கிட்டத்தட்ட அதே ஓட்டத்தை எழுதிவைத்திருக்கிறார். நாம் பக்திக்கு அவசரப்பட்டுத் தாண்டிப் போய்விட்டோம்.

ஆனால் சேக்கிழாரிடமும் ஒரு தாவல் உண்டு. வில்பிடி விழா நீளமாக வருகிறது, பயிற்சி சட்டென்று முடிந்துவிடுகிறது. திண்ணன் குறி தவறிய ஒரு நாள்கூட இல்லை.

குறி தவறுவதை எழுதியவர் ஜிம் கார்பெட். 1953-ல் வந்த 'ஜங்கிள் லோர்' புலிக்கதைகளைப் போலப் பேர் வாங்கவில்லை, ஆனால் அவர் எழுதியதில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். காலாதுங்கியில் ஒரு பையன், முதலில் கவட்டை, பிறகு உண்டைவில், பிறகு வில்லம்பு, பிறகு பழைய வாய்த்துப்பாக்கி. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஏற்றபடி அவனுடைய காது, கால், பயம் எல்லாம் மாறுகின்றன. அவனுக்குச் சொல்லிக்கொடுப்பவன் குன்வர் சிங். அந்தப் பக்கத்தில் பேர்போன கள்ளவேட்டைக்காரன். துப்பாக்கி கையில் வந்த பையனிடம் அவன் சொல்லும் முதல் பாடம் மரம் ஏறப் பழகு என்பது. ஆசிரியருக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, பாடம் இருக்கிறது. தமிழில் நான் தேடுவது இதைத்தான்.

எங்கள் மாவட்டத்துக் காட்டை எழுதிய நாவல் என்றால் ஜெயமோகனின் 'காடு' (2003). தொடக்கத்திலேயே ஒரு தடம் வருகிறது. பல வருடம் முன்பு கலுங்கின் ஈரச் சிமெண்டில் பதிந்த மிளாவின் காலடி. நாவலுக்கு அது அருமையான திறப்பு, நினைவைப் பற்றிய நாவல் அது. ஆனால் வேட்டைக்காரன் கண்ணில் பார்த்தால் அது தடமே இல்லை. தடம் என்றால் அதற்கு வயது உண்டு, மணிக்கு மணி அது அழிந்துகொண்டிருக்கும். சிமெண்டில் பதிந்தது அழியாது, அதனால் யாரும் அதைப் படிக்கத் தேவையில்லை. குட்டப்பனும் அப்படித்தான். காட்டை அவனளவு அறிந்த பாத்திரம் தமிழில் குறைவு. ஆனால் நாவலுக்குள் வரும்போதே எல்லாம் தெரிந்தவனாக வருகிறான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வி எனக்குள் ஏறியது பேச்சிப்பாறைக்கு மேலே. பட்டாம்பூச்சிக் கணக்கெடுக்கும் நண்பர்களோடு அனுமதி வாங்கிப் போயிருந்தோம். வழிகாட்ட ஒரு காணிப் பெரியவர். சேற்றில் மிளாவின் குளம்பு. குனிந்து பார்த்துவிட்டு, "நேத்து மழைக்கு முந்தி" என்றார். குளம்புக் குழிக்குள்ளேயே மழைத்துளி விழுந்த சின்னச் சின்னப் புள்ளிகளை விரலால் காட்டினார். என் நண்பன் சிலிர்த்துப்போய், "இதெல்லாம் இவங்க ரத்தத்துலேயே இருக்குல்லா மக்கா" என்றான். பெரியவர் சிரித்தார். "ரெத்தத்துல ஒண்ணும் இல்ல சாரே. முதுகுல உண்டு. மாமன் பிரம்பெடுத்துப் படிப்பிச்சது." சின்ன வயதில் வீட்டு முற்றத்தில் தன் குதிகால் தடத்தையே பதித்துவிட்டு, காலை, உச்சி, சாயங்காலம் போய் அது எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்துவந்து சொல்ல வேண்டுமாம். தப்பாகச் சொன்னால் அடி.

வாரத்தில் நாலு நாள் லாக் ஃபைல் படித்து, ராத்திரி எந்த சர்வர் எதனால் விழுந்தது என்று கண்டுபிடித்துப் பிழைப்பவன் நான். அதற்குப் பட்டம், அனுபவ வருடம், சம்பளம் எல்லாம் உண்டு. "இவன் ரத்தத்திலேயே ஜாவா இருக்கு" என்று எந்த மேனேஜரும் சொல்லி என் பத்து வருடத்தைத் துடைத்துப் போட்டதில்லை. காணிக்காரரின் இருபது வருடப் படிப்பை, பாராட்டுகிற தொனியிலேயே, ஒரு வரியில் துடைத்துவிட்டோம். ஓரியின் அம்பைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா.

வேட்டை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1972-ன் வன உயிர்ச் சட்டம் வேண்டியதுதான். 2006-ன் வன உரிமைச் சட்டமும் மற்ற மரபு உரிமைகளை ஏற்றுக்கொண்டு, வேட்டையையும் கண்ணி வைப்பதையும் வெளிப்படையாக விலக்கிவைத்தது. ஆனால் மாமனின் பிரம்பு நடத்திய பள்ளிக்கூடம் வேட்டைதான். அது மூடியபின் பாடம் எங்கே நடக்கும்? வடநெம்மேலியில் ஒரு பதில் இருக்கிறது. தோல் வியாபாரம் தடையானபின் 1978-ல் இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்து உயிரோடு விடும் தொழிலுக்கு மாறினார்கள். கையில் கடப்பாறை, மற்றதெல்லாம் கண். அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் ஃப்ளோரிடா போய் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாள்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. நான் பார்த்த செய்திகளில் பாம்பின் நீளம் இருந்தது. முதல் பாம்பை யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பது இல்லை.

சின்ன மருதுவிடம் படித்த ஒரு மாணவர் அதை எழுதிவைத்திருக்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ், கம்பெனிப் படை அதிகாரி. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று 1830-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். 1801-ல் அதே ஆசிரியரைக் காட்டு மிருகத்தைப் போலத் துரத்த நேர்ந்ததையும், தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும், பிறகு தூக்கில் தொங்கியதையும் மறைக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். 1809-ல் வேலுத்தம்பியின் போரில் ஆரல்வாய்மொழிக் கோட்டையில் ஏறிய படையை நடத்தியதும் இதே வெல்ஷ்தான். நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வரும்போது காற்றாடிகளுக்கு நடுவே அந்த மலைச்சரிவு தெரியும்.

தேர்ந்த கையில் வளரி நூறு கெஜம்வரை குறி தப்பாது என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று மருது காட்டியதையும், முதல் நாள் அது எங்கே போய் விழுந்தது என்பதையும் எழுதவில்லை.