ஃபால்கன் 4.0 (கணினி விளையாட்டு): ஒரு மதிப்பீடு

ஃபால்கன் 4.0 என்பது மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்ட போர் விமானப் பாவனை விளையாட்டு ஆகும். கொரியத் தீபகற்பத்தில் நடக்கும் கற்பனைப் போரில் விளையாடுபவர் எஃப்-16 விமானத்தை ஓட்டுகிறார்.

போர்க்களம் தானாகவே இயங்குவது இதன் தனிச்சிறப்பு. விளையாடுபவர் பறக்காத நேரத்திலும் தரைப்படைகள் நகர்கின்றன, பாலங்கள் தகர்கின்றன. எதிரி விமானங்கள் பலவற்றை வீழ்த்தினாலும், தகர்க்கச் சொன்ன பாலம் நின்றுவிட்டால் அப்பயணம் தோல்வியே.

உத்திகளும் மனப்பாடத்தால் கைவருவதில்லை. எஃப்-16 ரேடார் இருபுறமும் சுமார் 60 பாகை வரையே பார்க்கும். ஏவுகணையை ஏவியபின் நேராகப் பாய்பவர் எதிரியின் ஏவுகணையை நோக்கியே செல்கிறார். இலக்கை ரேடாரின் விளிம்பில் வைத்துத் திரும்புபவர், தம் ஏவுகணைக்கு வழிகாட்டிக்கொண்டே நெருங்கும் வேகத்தையும் குறைக்கிறார். காரணம் புரிந்தவருக்கே இது பயன்படும்.

விளையாட்டு பல நிரல் பிழைகளுடன் வெளிவந்தது பெருங்குறை. தோல்வியிலிருந்து கற்கச் சொல்லும் விளையாட்டில், தவறு தன்னுடையதா நிரலுடையதா என்று தெரியாவிட்டால் கற்க வழியில்லை. நிறுவனம் சில திருத்தங்களை வெளியிட்டது. ஆனால் 1999 இறுதியில் உருவாக்கக் குழு கலைக்கப்பட்டது. 2000இல் மூல நிரல் கசிந்தபின், ஆர்வலர்களே பல ஆண்டுகள் உழைத்து இதைச் செப்பனிட்டனர். அவர்களின் பிஎம்எஸ் பதிப்பு இன்றும் விளையாடப்படுகிறது.

இந்த நீண்ட ஆயுள் மூல வடிவமைப்பின் வலிமையைக் காட்டுகிறது. எனினும், வாங்கியவர்கள் முடித்த வேலையை விற்றவர்களின் சாதனையாகக் கணக்கிட முடியாது.