சிதைவைப் பார்க்கும் கண்

சிதைவைப் படம் பிடிக்க முனையும் இளங்கலைஞர்கள் முன்னோர் எடுத்த படங்களைத் தேடிப் பார்ப்பது இயல்பே. பிறரிடம் பெறுவது குற்றமன்று. எதைப் பெறுகிறோம் என்பதே வினா. அரபுத் திறனாய்வாளர் இதனை 'ஸரிகா', அதாவது களவு, என்னும் தலைப்பில் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்துள்ளனர். பொதுக் கருத்து எல்லார்க்கும் உரியது, அதற்கு ஒருவன் தந்த தனி வடிவமே அவனுடைமை என்பது அவர்களுட் பலர் கண்ட முடிவு. இடிந்த சுவர் பொது. அதைப் பிறர் கண்ட கோணத்தை எடுப்பது களவு; கண்ட முறைமையைக் கற்பது கல்வி.

ஹிஜ்ரி 284இல் (கி.பி. 897) மறைந்த கவிஞர் புஹ்துரீ, மனத்துயருடன் மதாயின் சென்று கிஸ்ராவின் பாழடைந்த மாளிகையைப் பாடினார். அதன் சுவரில் அந்தாக்கியாப் போரை ஓவியன் ஒருவன் தீட்டியிருந்தான். உருவங்கள் உயிருள்ளவையோ என்று ஐயுற்றுக் கையால் தொட்டுப் பார்த்ததாகப் பாடுகிறார் கவிஞர். ஓவியனிடம் பெற்ற வியப்பை மறைக்காமல் பாட்டுக்குள்ளேயே வைத்தார். அதனினும் மேலாக, இவ்வீடு தம் வீடன்று, இவ்வினம் தம் இனமன்று என்று ஒப்புக்கொண்டு, அவர்கள் தம் முன்னோர்க்குச் செய்த உதவியையும் நினைவுகூர்ந்தார். அயலான் அழலாம், ஆனால் தான் அயலான் என்பதை மறத்தலாகாது.

இந்த அளவுகோலால் நம் காலத்துப் படங்களை அளந்து பார்ப்போம். ஈவ் மார்ஷாந், ரொமேன் மெஃப்ர் என்னும் பிரெஞ்சு இளைஞர் இருவர் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்து இடிபாடுகளைப் படமாக்கி 2010இல் நூலாக வெளியிட்டனர். ஒளியும் அமைப்பும் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும் மனிதரைக் காணோம். 1950இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகரில் 2010இலும் 7 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்கள் எங்கே? பாழின் சின்னமாகப் பலரும் படம் பிடித்த அந்நகரின் பழைய இரயில் நிலையம் 1988இல் மூடப்பட்டது. புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. முடிந்த கதையென்று படம் சொன்னதைக் காலம் மறுத்துவிட்டது.

சிலி நாட்டில் பிறந்த கமிலோ ஹோசே வெர்காராவின் வழி வேறு. 1970களிலிருந்து அமெரிக்க நகரங்களின் அதே தெருமுனைகளுக்கு ஆண்டுகள் கடந்தும் திரும்பத் திரும்பச் சென்று படமெடுத்தார். அவர் படவரிசையில் கடை வீடாகிறது, வீடு வெற்றிடமாகிறது, சில வேளை வெற்றிடம் தோட்டமாகிறது. அவரும் தவறாதவர் அல்லர். டெட்ராயிட்டின் வெற்றுக் கோபுரங்களை இடிபாட்டுப் பூங்காவாகவே விட்டுவிடலாம் என்று 1995இல் கூறி, நகரத்தார் சினத்துக்கு ஆளானார். எனினும் அவர் பொறுமை பின்பற்றத்தக்கது.

'இப்ரத்' என்னும் படிப்பினைச் சொல், கடத்தல் எனப் பொருள்படும் வேரில் பிறந்தது. கண்ட பொருளைக் கடந்து கருத்தை அடைவதே இப்ரத். பாழின் அழகோடு நின்றுவிடும் படம் வேடிக்கை. இங்கு வாழ்ந்தோர் யார், வாழ்வோர் யார் என்று கேட்கச் செய்யும் படமே கலை. ஆகவே படக்கருவி ஏந்தும் நம் பிள்ளைகள் புஹ்துரீயிடம் பணிவையும் வெர்காராவிடம் பொறுமையையும் கடனாகப் பெறட்டும். படம் அவர்களுடையதாகவே அமையும்.